டிசம்பர் லோடு: கன்டெய்னர் கூரையில் வேர்த்த தண்ணீர் மஞ்சளை நனைக்காமல் ஹாம்பர்க் போய்ச் சேர என்ன வழி?

மஞ்சமண்டி_ஈரோடு

வணக்கம் நண்பர்களே. ஈரோட்டிலிருந்து விரலி மஞ்சள் ஏற்றுமதி செய்கிறோம். 50 கிலோ சாக்கு, மரப் பேலட் மேல் அடுக்கி, 20 அடி கன்டெய்னருக்கு 15 டன். லாரியில் தூத்துக்குடி கொண்டுபோய் அங்கே சி.எஃப்.எஸ்.ஸில் (சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கு) ஏற்றுகிறோம். கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் போகிறது.

போன குளிர்காலத்தில் சேர்ந்த லோடில் மேல் இரண்டு வரிசை சாக்கு நனைந்து பூசணம் பிடித்திருந்தது. வாங்கியவர் அனுப்பிய படத்தில் கூரைத் தகட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. சுவரோரச் சாக்குகளில் ஈரம் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. நடுவில் இருந்த சாக்குகள் சுத்தமாக இருந்தன. கன்டெய்னரில் ஓட்டை எதுவும் இல்லை என்று அங்கே பார்த்த சர்வேயர் எழுதிக் கொடுத்துவிட்டார். தள்ளுபடி கேட்டார்கள், கொடுத்தோம்.

ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பை ஆறு தொங்கவிட்டுத்தான் அனுப்பியிருந்தோம். டிசம்பரில் அடுத்த லோடு. பை விற்பவர் "பன்னிரண்டாகப் போடுங்கள், தீர்ந்துவிடும்" என்கிறார். தீருமா? இதே மாதிரி சரக்கு அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_பேக்கிங்

பன்னிரண்டு போடுவதில் தப்பில்லை. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எங்கள் பக்கம் பனியன் லோடிலும் இதே தலைவலி உண்டு. ஸ்டீம் அயர்ன் அடித்த சூடு ஆறுவதற்குள் பாலிபேக்கில் போட்டு அட்டைப்பெட்டியை ஒட்டிவிடுவார்கள். கப்பல் தேதி நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பருத்தி இயல்பாகவே 8% அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதோடு நீராவி ஈரமும் சேர்ந்து உள்ளே அடைபட்டால் காலரிலும் தையலிலும் கறுப்புப் புள்ளி விழும். ஆற வைக்க ஒரு அறை, அதில் ஈரம் இழுக்கும் மெஷின், பெட்டி ஒட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்ப்பது. இந்த மூன்றும் வந்த பிறகு எங்கள் யூனிட்டில் புகார் அடங்கியது.

அட்டைப்பெட்டியையும் மறக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 90% ஆனால் பெட்டி தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். அடி வரிசை நசுங்கி, அடுக்கு சாய்ந்து, கடைசியில் பழி லோடுமேன் மேல் விழும்.

கப்பல்_டெக்_தூத்துக்குடி

சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பை எத்தனை என்ற கேள்விக்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது.

20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். காலிப் பெட்டி முழுக்க அப்படி நிறைந்திருந்தாலே மொத்தம் ஒரு லிட்டர்தான். சரக்கு ஏற்றிய பிறகு மிஞ்சும் காற்று இன்னும் குறைவு. இரண்டு வரிசைச் சாக்கை நனைக்க அது காணாது.

இப்போது சரக்கைப் பாருங்கள். 15 டன் மஞ்சளில் 10% ஈரம் என்றால் 1,500 லிட்டர் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு சதவீதம் கூடினால் 150 லிட்டர் கூடிவிட்டது. உங்கள் ஆறு பையும் நல்ல தரமாக இருந்து நிறையக் குடித்தாலும் பத்துப் பன்னிரண்டு லிட்டர். பன்னிரண்டு பை போட்டால் இருபத்துச் சொச்சம். 150 லிட்டரை அதால் என்ன செய்ய முடியும்?

அந்தத் தண்ணீர் கூரைக்கு எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவு மூடும்போது உள்ளே 30 டிகிரி, ஈரப்பதம் 70% என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை 24 டிகிரி பக்கம். 24-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அது தண்ணீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வேர்ப்பது மாதிரிதான், இங்கே வேர்ப்பது கூரைத் தகடு. கொழும்பு துறைமுகத்தில் இரவு ஒரு மழை அடித்தாலே கூரை அந்த அளவுக்கு இறங்கும். பகலில் வெயில் ஏறினால் மேல் சாக்கு சூடாகி மறுபடி ஈரத்தை விடும். இரவில் மறுபடி கூரையில் சேரும். சரக்கின் ஈரம் இப்படியே மெல்ல மெல்ல மேலே ஏறி, ஹாம்பர்க்கில் 2 டிகிரி, 5 டிகிரி குளிரில் கொட்டித் தீர்க்கிறது. நடுச் சாக்கு சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே சாட்சி. கடல் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் கீழிருந்தும் மூலையிலிருந்தும் நனைந்திருக்கும்.

பாதையையும் கணக்கில் சேருங்கள். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பெரும்பாலான ஐரோப்பியக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அப்படிச் சுற்றினால் பத்து நாள், இரண்டு வாரம் பயணம் கூடும். பூமத்திய ரேகையை ஒருமுறை தாண்டித் தெற்கே இறங்கும்போது காற்று குளிரும், மேற்கு ஆப்பிரிக்காப் பக்கம் மறுபடி வேகும், அப்புறம் வடக்கே கடுங்குளிர். ஈரம் மேலே ஏறுவதற்கு ஒன்றுக்கு இரண்டு வாய்ப்பு. உங்கள் கப்பல் எந்த வழி என்று, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடம் கேட்டுவிட்டுப் பைகளைக் கணக்குப் பண்ணுங்கள்.

மஞ்சமண்டி_ஈரோடு

ஐயா, கணக்கோடு சொன்னதற்கு ரொம்ப நன்றி. குடோனில் மீட்டர் வைத்தபோது 9, 10 என்றுதான் காட்டியது. மில்காரர் சீட்டிலும் அதே அளவு. அப்படியிருந்தும் இவ்வளவு தண்ணீர் வருமா?

பாலிஷ்_டிரம்_பெருந்துறை

அந்தச் சீட்டு எப்போது எடுத்த அளவு என்று கேட்டீர்களா? பாலிஷுக்கு முன்பா, பின்பா?

வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றும்போது மேல்தோல், வேர் நார் எல்லாம் உதிரும். கடைசிச் சுற்றில் நிறம் ஏற வேண்டும் என்று மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற வழக்கம் இருக்கிறது. டிரம்மிலிருந்து கொட்டும்போது பார்த்திருப்பீர்கள், பளபளவென்று இருக்கும். கையில் அள்ளினால் லேசான பிசுபிசுப்பு விரலில் ஒட்டும். அதை மறுபடி களத்தில் பரப்பி ஒரு நல்ல வெயிலாவது காட்ட வேண்டும். சந்தைக்கு நேரமாகிவிட்டால் நிழலில் ஆற்றிவிட்டு அப்படியே சாக்குப் பிடித்துவிடுவார்கள். உள்ளே 9% காய்ந்த விரலி, மேலே ஈரத்தோல். மீட்டர் ஊசி எதைத் தொடுகிறதோ அதைத்தான் காட்டும். இரண்டு நாள் கழித்து மேல் ஈரம் உள்ளே இறங்கிச் சமமான பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

நான் மீட்டரை விட விரலியை ஒடித்துப் பார்ப்பதைத்தான் முதலில் செய்வேன். நன்றாகக் காய்ந்தது டக்கென்று ஒடியும், வளையாது. ஒரு கை அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று கணீர்ச் சத்தம் வரும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். சாக்கின் வாயில் பார்ப்பதோடு விடாமல், கொக்கியைக் குத்தி நடுவிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். பருமனான கிழங்கு இரண்டு கலந்திருந்தால் அதை உடைத்து நடு நிறத்தைப் பாருங்கள். விரலி காய்கிற அதே நாளில் கிழங்கு காயாது.

லேபுக்கு அனுப்பினால் இன்னொரு விஷயம். சூட்டடுப்பில் வைத்து எடை குறைவதைக் கணக்கிடும் முறை மஞ்சளுக்குச் சரிவராது. மஞ்சளில் ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது, அதுவும் பறந்து ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும். மசாலாப் பொருளுக்கு டொலுயீன் வைத்துக் காய்ச்சி வடித்து, பிரிந்து நிற்கும் தண்ணீரை அளக்கும் முறைதான் சரி. சீட்டில் எந்த முறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மஞ்சமண்டி_ஈரோடு

மில்லில் விசாரித்தேன். சீட்டு பாலிஷுக்கு முன்னால் எடுத்ததுதான். தண்ணீர் தெளிப்பதும் உண்டாம். இதுவரை இப்படி ஒரு கேள்வியே யாரும் கேட்டதில்லை என்கிறார்கள். சட்டப்படி எவ்வளவு ஈரம் இருக்கலாம்?

சர்வே_சென்னை

நம் உணவுப் பாதுகாப்புத் தர விதியில் முழு மஞ்சளுக்கு 12%, தூளுக்கு 10% உச்சவரம்பு. ஆனால் அது இங்கே விற்பதற்கான அளவு. குளிர்நாட்டுக்கு, அதுவும் டிசம்பரில், நாற்பது நாள் பெட்டிக்குள் அடைபட்டுப் போகிற சரக்கை 12%-ல் அனுப்பினால் விதியை மீறியிருக்க மாட்டீர்கள், சரக்கு மட்டும் கெட்டுப்போய்விடும். என் கருத்தில் 9%-க்குக் கீழே கொண்டுவராமல் கதவு மூடக் கூடாது.

சதவீதத்தை விட நல்ல அளவு நீர்ச் செயல்பாடு. பூசணத்துக்குக் கிடைக்கிற தண்ணீர் எவ்வளவு என்பதை அது சொல்லும். 0.65-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 0.70 தாண்டினால் பூசணத்துக்குக் கதவு திறந்த மாதிரி. ஒரே சதவீதம் எல்லாப் பொருளுக்கும் ஒரே அர்த்தம் தராது. நெல் 14%-ல் நன்றாகக் கிடக்கும். எண்ணெய் நிறைந்த நிலக்கடலைப் பருப்பு 8% தாண்டினாலே பயப்பட வேண்டும்.

பூசணம் என்றால் நிறம் போவதோடு முடிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய், மிளகு, இஞ்சி, மஞ்சள், ஜாதிக்காய்க்கு, பூசணம் விடும் நஞ்சான அஃப்ளடாக்சினுக்கு உச்சவரம்பு உண்டு: பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் தள்ளுபடி கேட்க மாட்டார்கள், சரக்கையே உள்ளே விட மாட்டார்கள். இந்த முறை தள்ளுபடியோடு போனது உங்கள் நல்ல நேரம்.

கோவை_பம்ப்

நாங்கள் மோட்டார் பம்பு அனுப்புகிறோம். இரும்புக்குத் துரு பிடிப்பது ஈரப்பதம் 60% தாண்டினால் வேகமெடுக்கும். துருத்தடுப்பு ஆவி வரும் வி.சி.ஐ. பாலித்தீனில் சுற்றி, ஏற்றும் பேலட்டையே பாலித்தீன் ஷீட்டால் மேலிருந்து கீழ்வரை இறுக்கிவிடுவோம். சொட்டுத் தண்ணீர் எதுவும் உள்ளே போகாது. மஞ்சளுக்கும் அதே மாதிரி பேலட்டைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

கப்பல்_டெக்_தூத்துக்குடி

மஞ்சளுக்கு வேண்டாம் தம்பி. பம்புக்குள் தண்ணீர் இல்லை, வெளி ஈரத்தைத் தடுத்தால் போதும். மஞ்சளுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. பாலித்தீனை மேலே இறுக்கினால் அந்த ஈரம் ஷீட்டுக்கு அடியிலேயே படிந்து மேல் சாக்கில் நிற்கும். கூரையில் சொட்ட வேண்டியது இன்னும் கிட்டத்தில் சொட்டும். பக்கவாட்டில் பேலட் சாயாமல் இருக்கச் சுற்றுங்கள், தலையை மூடாதீர்கள்.

தலைக்கு மேலே வேண்டியது தண்ணீரைக் குடிக்கிற பொருள். கனமான கிராஃப்ட் தாள் இரண்டு மடிப்பு, அதன் மேல் நெளி அட்டை (அட்டைப்பெட்டி செய்கிற அட்டை) விரித்துப் போடுங்கள். சுவருக்கும் கிராஃப்ட் தாள் அடித்துவிடுங்கள். கூரையிலிருந்து விழும் சொட்டை அது வாங்கிக்கொள்ளும், பகலில் மெல்ல விட்டுவிடும்.

சர்வே_சென்னை

கிராஃப்ட் தாள் பேச்சு வந்ததால் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

2012-இல் கொலம்பியாவின் புவெனவெந்துரா துறைமுகத்திலிருந்து ஜெர்மனிக்கு 20 கன்டெய்னர் பச்சைக் காப்பிக்கொட்டை போனது. காற்றோட்டம் இல்லாத சாதாரணக் கன்டெய்னர்கள். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த ஆட்களே உள்ளே கிராஃப்ட் தாள் விரித்து மூட்டைகளை ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்தபோது 18 கன்டெய்னர்களில் மூட்டைகள் நனைந்திருந்தன, உங்கள் மஞ்சள் மாதிரியே கூரைத் தண்ணீரால். "காப்பிக்கொட்டை தானே ஈரம் விடும், அது அதன் இயல்பு" என்றது கப்பல் நிறுவனம். வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நல்ல நிலையில் வாங்கிய சரக்கு கெட்டுப்போய்ச் சேர்ந்தால், தன் பங்கில் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்கேற்றிச் செல்பவருடையது என்றது நீதிமன்றம். விரித்த தாள் போதுமானதுதான் என்பதைக் கப்பல் நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. வோல்கஃபே வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு நமக்குச் சாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஏற்றியது கப்பல் தரப்பு. உங்கள் லோடில் சரக்கை அடுக்கியது, தாள் விரித்தது, பை தொங்கவிட்டது எல்லாம் உங்கள் தரப்பு. அப்போது கேள்வி உங்களிடம் திரும்பும். எந்தக் கனத் தாள், எத்தனை மடிப்பு, சரக்கின் ஈரம் என்ன, பேலட்டின் ஈரம் என்ன. எல்லாவற்றுக்கும் தேதியோடு படமும் சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸிலும் இதே கதைதான். எல்லா ஆபத்துக்கும் என்று எடுக்கிற 'ஏ' பாலிசியிலும்கூட சரக்கின் உள்ளார்ந்த குணத்தால் வந்த நட்டம், போதாத பேக்கிங்கால் வந்த நட்டம் இரண்டும் விலக்கு. ஈரமாக ஏற்றிய மஞ்சளுக்குக் காசு வராது.

மஞ்சமண்டி_ஈரோடு

பேலட்டின் ஈரமா? பேலட்டில் எரிமுத்திரை இருந்தது, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தது.

சர்வே_சென்னை

அந்த முத்திரை பூச்சிக்காக. மரப் பேக்கிங்குக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தால் போதும், முத்திரை குத்திவிடலாம். பூச்சி செத்துவிடும், மரம் காயாது. பச்சை மரத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கலாம். பேலட் ஒன்று 25 கிலோ என்றால் அதில் எட்டு லிட்டர், பத்துப் பேலட்டுக்கு எண்பது லிட்டர். போகிற வழியில் அதில் பாதி வெளியே வந்தால்கூட உங்கள் பைகள் தாங்காது. முத்திரையோடு சூளையில் காயவைத்ததா என்றும் கேளுங்கள். மர மீட்டரை ஊன்றி 20%-க்குக் கீழே காட்டுகிற பேலட்டை மட்டும் எடுங்கள். மழையில் வெளியே அடுக்கி வைத்த பேலட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு மூலை கறுத்திருந்தால் அது நனைந்தது என்று அர்த்தம்.

கன்டெய்னரின் பலகைத் தளத்தையும் அதே மீட்டரால் குத்திப் பாருங்கள். காலிப் பெட்டியைக் கழுவி உடனே அனுப்பிவிடும் யார்டுகள் உண்டு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், இடுக்கில் தண்ணீர் நிற்கும். அப்புறம் உள்ளே ஓர் ஆளை நிறுத்தி இரண்டு கதவையும் மூடுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். கூரை மூலை, கதவு ரப்பர், தள ஓரம் எங்கேயாவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். காலையில் செய்யுங்கள், வெயில் நேராகக் கதவுப் பக்கம் விழுகிறபோது நன்றாகத் தெரியும்.

ஆம்பூர்_லெதர்

தோல் பொருளில் இருக்கிறேன். ஈரம் பிடிக்கும் பைகள் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள், தயவுசெய்து. டைமெத்தில் ஃபியூமரேட் என்று பூசணத்தைத் தடுக்கும் ஒரு பொருளைச் சின்னப் பைகளில் போட்டுச் சோபா, செருப்புப் பெட்டிகளில் வைத்து அனுப்பினார்கள். அது ஆவியாகித் தோலில் இறங்கி, அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு உடம்பெல்லாம் எரிந்து புண்ணாகியது. பிரிட்டனிலும் பிரான்சிலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. பொருளில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது. எங்கள் வாங்குபவர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் இந்தச் சோதனைச் சீட்டு கேட்கிறார்கள், கேட்பதுதான் நியாயம்.

நீல நிற சிலிகா ஜெல்லும் அப்படித்தான். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவது கோபால்ட் குளோரைடால். அது புற்றுநோய் ஆபத்துள்ளது என்று வகைப்படுத்தப்பட்டது. ஆரஞ்சு நிறம் மாறுகிற வகை வந்துவிட்டது. உணவுப் பொருள் பக்கத்தில் நீலத்தை வைக்கவே வேண்டாம்.

கொழும்பு_தேயிலை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். தேயிலை ஏற்றுமதியில் வேலை செய்கிறேன். எங்களுக்குக் கொள்கலனுக்குள் ஈரம் என்றால் உயிர் போகிற காரியம். தேயிலை ஈரத்தையும் இழுக்கும், பக்கத்தில் இருக்கிற வாசனையையும் இழுக்கும். அதனால் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பல மடிப்புக் காகித உறைகளில் அடைக்கிறோம். மஞ்சள் ஏற்றிப் போன கொள்கலன் எங்களுக்குக் கிடைத்தால் மணத்தாலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

நீங்கள் சாக்குக்குள் காற்றுப்புகா உறை போட்டால் என்ன? காப்பி, கோக்கோ அனுப்புகிறவர்கள் பாவிக்கிறார்கள். ஆனால் ஒன்று, உள்ளே போகும்போது பொருள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்துக் கட்டினால் உறைக்குள்ளேயே வியர்த்து, சாக்கு முழுவதும் பழுதாகும்.

பாலிஷ்_டிரம்_பெருந்துறை

கொழும்பு நண்பர் சொன்னதுதான் சரியான வரிசை. முதலில் காயட்டும், பிறகு உறை. நம் ஊரில் உறையை வாங்கிவிட்டால் காயப்போடுவதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் பயம்.

காய்ந்த மஞ்சளைக் களத்திலிருந்து மதியச் சூட்டோடு அள்ளிச் சாக்கு பிடிக்கவும் கூடாது. சூடான சரக்கு கன்டெய்னருக்குள் ஈரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி குடோனில் பரப்பி ஆறட்டும்.

வீட்டு_மசாலா_மதுரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வீட்டில் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி அரைத்துக் கூரியரில் சிங்கப்பூர், துபாய்க்கு அனுப்புகிறேன். மழைக்காலத்தில் பொடி கட்டி தட்டுகிறது. சிலிகா ஜெல் பை உள்ளே போடலாமா அக்கா, அண்ணாக்களே?

திருப்பூர்_பேக்கிங்

உணவுத் தரம் என்று அச்சிட்ட பை கிடைக்கும், போடலாம். அதற்கு முன்னால் வறுத்ததும் அரைத்ததும் முழுக்க ஆறிய பிறகு பாக்கெட் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள் சகோதரி. அரைக்கும்போதே மிஷின் சூட்டில் பொடி வெதுவெதுப்பாக இருக்கும். சாதாரண பாலித்தீன் கவரை விட அலுமினிய அடுக்கு உள்ள பவுச் பல மடங்கு மேல். உப்பு ஈரத்தை இழுக்கும், உப்பையும் லேசாக வறுத்துச் சேருங்கள்.

மஞ்சமண்டி_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது யோசிப்பது இதுதான்: மில்லில் கடைசித் தெளிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நிறம் கொஞ்சம் மங்கினாலும் வாங்குபவர் சம்மதித்துவிட்டார். சாக்கு பிடித்து இரண்டு நாள் கழித்து லேப் சோதனை. சூளையில் காய்ந்த பேலட். மேலே நெளி அட்டை, கிராஃப்ட் தாள். பை எட்டு. தூத்துக்குடியில் மழையில் ஏற்றுவதுதான் இன்னும் உறுத்துகிறது.

கப்பல்_டெக்_தூத்துக்குடி

அதை மாற்றுங்கள். காலிக் கன்டெய்னரை ஈரோட்டுக்கு வரவழைத்து உங்கள் குடோனிலேயே ஏற்றி சீல் வையுங்கள். லாரிச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடலோரக் காற்றில் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ஏற்றுவதும் உள்நாட்டில் வெயில் அடிக்கிற மதியத்தில் ஏற்றுவதும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மாதத்தில் தூத்துக்குடியில் சரக்கைத் திறந்தவெளியில் கைமாற்றுவது சூதாட்டம்.

குடோன் கதவை எப்போது திறப்பது என்பதற்கும் கப்பலில் நாங்கள் பார்க்கிற விதி உதவும். வெளிக்காற்றின் பனிநிலை உள்ளே இருப்பதை விடக் குறைவாக இருந்தால் திற, கூடுதலாக இருந்தால் மூடு. மழை விட்ட காலையில் குளிர்ந்த காற்று என்று கதவைத் திறந்து வைப்பார்கள். 27 டிகிரி, 90% ஈரப்பதம் என்றால் அதன் பனிநிலை 25. வெயில் அடிக்கும் மதியத்தில் 34 டிகிரி, 50% என்றால் பனிநிலை 22 தான். சூடாக இருந்தாலும் அதுதான் காய்ந்த காற்று. வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே மாட்டுங்கள். பனிநிலை அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடுக்கு சுவரைத் தொடக் கூடாது, ஆள் நடந்து போகிற இடம் விட்டு அடுக்குங்கள்.

கன்டெய்னரின் சின்னக் காற்றோட்டத் துளைகளை டேப் ஒட்டி மூடச் சொல்லிச் சிலர் அறிவுரை சொல்வார்கள். அந்தத் துளைகள் உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவதற்கு. ஈரத்தை ஏற்றவும் இறக்கவும் அவற்றால் பெரிதாக முடியாது. அந்த நேரத்தைப் பேலட் மீட்டரில் செலவிடுங்கள்.

சர்வே_சென்னை

பைகளைத் தொங்கவிடும்போது சாக்கின் மேல் நேராகத் தொங்காமல் சுவர் நெளிவுக்குள் போகிற மாதிரி கட்டுங்கள். கால்சியம் குளோரைடு தண்ணீரைக் குடித்து உப்பு நீராகும். பை கிழிந்தால் அது ஒழுகி மஞ்சளில் இறங்கும். அதோடு இன்னொரு சிக்கல். நனைந்த சரக்கில் கடல் தண்ணீரா என்று பார்க்கச் சர்வேயர்கள் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுவோம். குளோரைடு இருந்தால் பால் மாதிரி வெள்ளையாகத் திரியும். ஒழுகிய பையும் அதே வெள்ளையைக் காட்டும். பையை முதலில் பார்க்காமல் கடல் நீர் என்று எழுதிவிட்டால் கப்பல்காரரோடு தேவையில்லாத சண்டை. கெட்டியாகிற ஜெல் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஹாம்பர்க்கில் இறங்கிய பிறகு யார்டில் பெட்டி நிற்கிற நாட்கள்தான் மிக மோசமானவை. சரக்கு இன்னும் சூடு, கூரை பனியில். ஆவணம் தாமதமாகி ஒரு வாரம் நின்றால் நீங்கள் இங்கே செய்த வேலையெல்லாம் பாதி வீண். கப்பல் சேரும் முன்பே காகிதங்கள் அவர் கையில் இருக்கட்டும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் ஒரு டேட்டா லாகரை மேல் சாக்குக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்து அனுப்புங்கள். விலை அதிகமில்லை. எந்த நாளில் எங்கே ஈரம் ஏறியது என்று அடுத்த லோடுக்கு முன்னால் கையில் இருக்கும்.

கோவை_பம்ப்

இதற்கு நேர்மாறாக ஒரு கேள்வி. ஜெர்மனியிலிருந்து ஜனவரியில் விமானத்தில் ஒரு அளவுக்கருவி வருகிறது. சென்னையில் இறங்கும்போது பெட்டி ஜில்லென்று இருக்கும். உடனே பிரித்துச் சரிபார்க்கச் சொல்லி மேனேஜர் அவசரப்படுத்துகிறார்.

கப்பல்_டெக்_தூத்துக்குடி

பிரிக்க வேண்டாம். குளிர்ந்த இரும்பின் மேல் சென்னைக் காற்று பட்டால் உள் சர்க்யூட் பலகை வரை வேர்த்துவிடும். உறையின் பிளாஸ்டிக்கைக் கூடக் கிழிக்காமல் ஏசி இல்லாத அறையில் ஒரு முழு நாள் வைத்திருங்கள். கருவி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். மேனேஜரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், கருவியோடு வரும் கையேட்டைக் காட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.